முப்பதைத் தொடக் கூடாது

பொதேனி
20 செப்டம்பர் 2018

டேய் ரெலு,

கவரைப் பார்த்ததுமே யாருன்னு தெரிஞ்சிருக்கும். கிழிச்சுப் போடறதுக்கு முன்னால ஒரு நிமிஷம் பொறு. உன் போன்ல என் நம்பரை நீ பிளாக் பண்ணி வெச்சு ரெண்டரை வருஷம் ஆச்சு. ஊருக்கே கடுதாசி கொண்டுபோய்க் கொடுக்கிற தபால்காரி, எனக்கே நான் ஸ்டாம்பு வித்து, நானே முத்திரை குத்தி, நானே பையில கட்டி அனுப்பறேன். சிரிப்பு வந்தா சிரிச்சுக்கோ.

அந்தத் தாளைப் பத்தி இதுவரைக்கும் உனக்கு நான் உண்மையைச் சொன்னதில்லை. இப்ப சொல்லிடறேன். அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சதும் பாதிரியார் ஸ்பிரிதோன் வாசல்லயே மேஜை போட்டு உக்காந்துட்டாரு. "குடும்பத்தைக் காப்பாத்தணும், கையெழுத்துப் போடுங்க"ன்னாரு. வரிசையில என் முறை வந்துச்சு. போட்டேன். அதோட நின்னிருந்தா பரவாயில்லை. "சவேத்தா, உனக்குத்தான் எல்லா வீட்டு நாயும் பழக்கம்"னு சொல்லி ஒரு கத்தை தாளை என் தபால் பையில திணிச்சாரு. நானும் வீடு வீடாப் போனேன். தொண்ணூத்து நாலு கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன்.

நீ கேட்டப்போ, "அட, வெறும் தாளுதானேடா, உன்னை நினைச்சே பார்க்கலை"ன்னு சொன்னேன். பொய். உன்னை நினைச்சுத்தான் போட்டேன். நான் மாட்டேன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா உன் பேரு வெளியே வரும். உன்னை மறைக்கறதுக்காகவே உனக்கு எதிரா கையெழுத்துப் போட்டவ நான்.

இப்போ அந்தத் தாளெல்லாம் சேர்ந்து ஓட்டெடுப்புல வந்து நிக்குது. அக்டோபர் ஆறும் ஏழும். கல்யாணம்னா ஆணும் பொண்ணும்தான்னு அரசியல் சட்டத்துலயே எழுதிடலாமான்னு கேக்கறாங்க. நான் போய் "இல்லை"ன்னு குத்தப் போறேன். ஊர்ல முதல் ஆளா நின்னு குத்தப் போறேன். உனக்கு இதைச் சொல்லணும்னுதான் எழுதினேன்.

உன்கூட இருக்கறவரைக் கேட்டதாச் சொல்லு.

அக்கா
சவேத்தா


திமிஷ்வாரா
25 செப்டம்பர்

அக்கா,

கிழிக்கலை. கிழிச்சிருப்பேன், எமில் என் கையிலேர்ந்து பிடுங்கிட்டான். "உன்கூட இருக்கறவர்"ங்கற இடத்தை ரெண்டு தடவை படிச்சுட்டு வேலைக்குப் போயிட்டான். பதினாறு வருஷம் ஆச்சுக்கா. அவன் பேரு எமில். எழுதறதுக்குக் கஷ்டமான பேரு இல்லை.

உன்னை மன்னிச்சேனா இல்லையான்னு இப்ப என்கிட்ட கேக்காதே. அதை விட அவசரமான விஷயம் ஒண்ணு இருக்கு. நீ ஓட்டுப் போடப் போகாதே. "இல்லை"ன்னும் குத்தாதே. சாவடி இருக்கற ஸ்கூல் வாசப்படியையே மிதிக்காதே.

நல்லாக் கேட்டுக்கோ. வாக்காளர் பட்டியல்ல இருக்கறவங்கள்ல நூத்துக்கு முப்பது பேராவது வந்தாத்தான் இந்த ஓட்டெடுப்பு செல்லும். வந்தவங்கள்ல "ஆமாம்" ஜெயிக்கும், அதுல யாருக்கும் சந்தேகம் இல்லை. அதனால அவங்களுக்குத் தேவை தலை. நீ உள்ளே போய் என்ன குத்தினாலும் ஒரு தலை ஏறிடும். உன் "இல்லை" அவங்களை முப்பதுக்குக் கொண்டுபோய் விடும். எனக்கு ஏதாவது செய்யணும்னா சும்மா இரு. சும்மா இருக்கறது மட்டும்தான் இப்ப ஓட்டு.

இன்னொண்ணும் சொல்லிடறேன். பெல்ஜியத்துல ஒரு பல் செட் செய்யற கடையில எமிலுக்கு வேலை வந்திருக்கு. எட்டாம் தேதி திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். நாங்க பேசி முடிச்சுட்டோம். முப்பதைத் தொட்டா கிளம்பறோம். லீவுக்கு வந்து போற மாதிரி இல்லை, ஒரேயடியா.

போன குளிர்காலத்துல அவனுக்குக் குடல்வால் ஆபரேஷன். "நீங்க யாரு?"ன்னு நர்ஸ் கேட்டா. "அண்ணன்"னு சொன்னேன். பொய் சொன்னதாலதான் உள்ள விட்டாங்க. அந்தப் பொய்யை நான் சாகற வரைக்கும் சொல்லணும்னு சட்டத்துலயே எழுதினா, அந்த ஊர்ல நான் டிராம் ஓட்ட மாட்டேன்.

ரெலு


பொதேனி
29 செப்டம்பர்

ரெலு,

நீ நல்லா இருப்பே! ரெண்டரை வருஷம் கழிச்சு மன்னிப்புக் கேக்க எனக்கு ஒரே ஒரு வழி தெரிஞ்சுது, அதையும் பிடுங்கிட்டே. என்னைப் பார்த்து சும்மா இருன்னு சொல்றியே, நான் என்னிக்குடா சும்மா இருந்தேன்?

ஓட்டுப் போடப் போகாம இருக்கறதுன்னா எங்களுக்கு என்னன்னு உனக்குத் தெரியாது. அந்தக் கம்யூனிஸ்ட் காலத்துல விடிகாலையிலேயே அப்பா கோட்டு மாட்டிட்டுக் கிளம்பிடுவாரு. பத்து மணிக்குள்ள போகலைன்னா வீட்டுக்கே ஆள் வரும். அந்தப் பயம் இன்னும் எலும்புல இருக்கு. இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம் இதுக்கு மேல. இந்த ஓட்டுச்சாவடி மேஜையிலயே நான் இருக்கேன். ஒவ்வொரு தடவையும் மேயர் என் பேரைத்தான் போடுவாரு, இந்தத் தடவையும் போட்டாச்சு. பட்டியல் என் கையில, முத்திரை என் கையில. வர்றவங்க என் முன்னால அவங்க பேருக்கு நேரா கையெழுத்துப் போட்டுட்டு, சீட்டுல குத்தற முத்திரையை என்கிட்ட வாங்கிட்டு மறைப்புக்குள்ள போவாங்க. விலகிக்கறேன்னு நேத்து போய்க் கேட்டேன். "என்ன சவேத்தா, உடம்புக்கா?"ன்னாரு. உடம்புக்குன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லலை.

உன்னை மாதிரி சமையலறையில உக்காந்து போகாம இருக்கறது சுலபம். நான் ரெண்டு நாளும், காலை ஏழு மணிலேர்ந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் அந்த மேஜையிலயே உக்காந்து போகாம இருக்கணும். ஏழாம் பக்கம், பன்னெண்டாவது பேரு என்னோடது. அது வெத்தா இருக்கறதை ஊரே குனிஞ்சு பார்க்கும்.

சத்தியம் எதுவும் பண்ண மாட்டேன். வெறும் தாளுன்னு சொன்னவளோட சத்தியம் உனக்கு எதுக்கு? என்ன நடந்துச்சோ அதை எழுதறேன்.

எமிலைக் கேட்டதாச் சொல்லு. வயிறு ஆறிடுச்சா அவருக்கு?

சவேத்தா


திமிஷ்வாரா
3 அக்டோபர்

அக்கா,

வயிறு ஆறிடுச்சு. நீ கேட்டேன்னு சொன்னேன். சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டி, "படம் பிடிச்சு அனுப்பு"ங்கறான். பைத்தியம்.

உன்னால முடியும்னு எனக்குத் தோணலை. திட்டறதா நினைக்காதே. நானா இருந்தா எனக்கும் முடியாது. கடைசி நேரத்துல அவங்க பேச்சுக்கு மசிஞ்சு கையெழுத்துப் போட்டேன்னா, அதை எனக்கு எழுதாதே. தெரியாமலே ரயில் ஏறிடறேன்.

ரெலு


பொதேனி, ஸ்கூல்
6, 7 அக்டோபர்

ரெலு,

சனிக்கிழமை ராத்திரி. சாவடியைப் பூட்டி சீல் வெச்சாச்சு. இன்னிக்கு மொத்தம் தொண்ணூத்தெட்டு பேர். பட்டியல்ல ஆயிரத்து நூத்தி எண்பது பேர் இருக்காங்க. எல்லாரும் சோளம் உடைக்கப் போயிட்டாங்க, வெயில் நல்லா இருந்துச்சு. நாட்டுக்கே நூத்துல ஆறு கூட வரலைன்னு மேயர் போன்ல பார்த்துட்டு முகத்தைத் தொங்கப் போட்டாரு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே கொண்டாட்டம். அதை மறைக்கறதுக்காக பட்டியலையே முறைச்சுப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன்.

ஞாயிறு, மத்தியானம் ரெண்டு மணி. அந்தக் கொண்டாட்டம் போச்சு. பூசை முடிஞ்சதும் பாதிரியார் எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டாரு. கைக்குட்டையில சர்ச்சு ரொட்டியோட அப்படியே வரிசை. வெளி கேட்டு வரைக்கும் ஆள். முத்திரை எடுத்துக் கொடுத்துக் கொடுத்து விரலெல்லாம் மை. பாதிரியார் கையெழுத்துப் போட்டுட்டுப் பக்கத்தைத் திருப்பினாரு. தேடித்தான் திருப்பினாரு.

"என்ன சவேத்தா, உன் பேருக்கு நேரா வெத்தா இருக்கே?"

"ஆமா ஃபாதர்."

"மறந்துட்டியாம்மா?"

"மறக்கலை."

"அப்போ போட்டுடு. எல்லாரும் பார்க்கறாங்க பாரு."

"பார்க்கட்டும் ஃபாதர். எனக்கு ஒரு தம்பி இருக்கான். உங்களுக்கே தெரியும். இங்க எல்லாருக்கும் தெரியும். நான் போடலை."

சொல்லிட்டேன்டா. அவரு முத்திரையை வாங்கிட்டுப் போயிட்டாரு. அப்புறம் வந்தவங்கள்ல பாதிப் பேர் எனக்கு வணக்கமே சொல்லலை. ரெண்டு பேர் வரிசையிலேர்ந்து விலகி வீட்டுக்குப் போயிட்டாங்க. யாருன்னு எழுத மாட்டேன்.

அஞ்சு மணி. நம்ம பக்கத்து வீட்டு அக்லாயா வந்தா. முட்டி வலியோட ரெண்டு கோலை ஊனிக்கிட்டு அந்தப் படி ஏறி வந்தா. குத்திட்டு முத்திரையைத் திருப்பிக் கொடுக்கறப்போ என் காதுகிட்ட குனிஞ்சு, "உன் தம்பிக்காக வந்தேன்டீ. இல்லைன்னு குத்திட்டேன்"னா. முகமெல்லாம் சிரிப்பு. அவளுக்கு என்ன சொல்லுவேன்? பாவி, நீ வந்ததாலதான் அவங்களுக்கு ஒண்ணு ஏறிச்சுன்னா சொல்லுவேன்? "நல்லா இரு அக்லாயா"ன்னேன்.

எட்டு மணி. நம்ம ஊர் முப்பதைத் தாண்டிடுச்சு. நாடு என்ன ஆச்சுன்னு மேயர் சொல்ல மாட்டேங்கறாரு. முத்திரை சும்மா கிடக்கு, யாரும் இல்லை. கையில எடுத்தேன் ரெலு. உன்கிட்ட மறைக்கலை. எப்படியும் தோத்தாச்சு, ஒரு "இல்லை"யாவது குத்தி மனசை ஆத்திக்கலாம்னு தோணிச்சு. ஏழாம் பக்கம் வரைக்கும் திருப்பினேன். பேனா மூடியைக் கழட்டினேன். அப்புறம் மூடிட்டேன்.

எண்ணி முடிச்சாச்சு. நம்ம ஊர்ல வந்தது நானூத்துப் பன்னெண்டு. "இல்லை" பத்தொன்பது. என் வரி வெத்தாவே இருக்கு. நாட்டைப் பத்தி எனக்கு இன்னும் தெரியாது. இந்தக் கடுதாசியை இப்பவே பெட்டியில போடறேன், அப்போதான் நீ கிளம்பறதுக்குள்ள வரும். கிளம்பறதா இருந்தா.

சவேத்தா


திமிஷ்வாரா
8 அக்டோபர்

அக்கா,

உன் கடுதாசி எதுவும் வரலை. நீ என்ன பண்ணினேன்னு தெரியாமத்தான் எழுதறேன்.

நேத்து முழுக்க மேஜை மேல லேப்டாப்பைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருந்தோம். மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் எண்ணிக்கை போடறாங்க, ஆனா எமில் நிமிஷத்துக்கு ஒரு தடவை பக்கத்தைப் புதுப்பிச்சான். சர்ச்சு விட்டதுக்கு அப்புறம் மளமளன்னு ஏற ஆரம்பிச்சுது. அவன் ஒரு மாவுப் பையோட பின்பக்கத்துல கணக்குப் போட்டு, "இதே வேகத்துல போனா இருபத்தஞ்சுதான்"ங்கறான். நான் "கிராமமெல்லாம் சாயங்காலம்தான் வரும், உனக்கு என்ன தெரியும்"னு கத்தறேன். ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. சூட்கேஸைக் கூடப் பரண்லேர்ந்து இறக்கிட்டேன். ஒன்பது மணிக்குச் சாவடி மூடினாங்க. அதுக்கப்புறம் வந்த எண்ணிக்கை இருபதைத் தாண்டித் திணறி நின்னுச்சு. காலையில பார்த்தா இருபத்தொண்ணு.

செல்லாது. தோத்துட்டாங்க.

எதிர் வீட்டு மாடியிலேர்ந்து யாரோ விசில் அடிச்சாங்க. எமில் அழுதான். நான் சூட்கேஸைத் திரும்பப் பரண்ல ஏத்தினேன். இன்னிக்குக் காலையில பெல்ஜியத்துக்கு வரலைன்னு எழுதிட்டான். இங்கதான் இருக்கப் போறோம்.

ஆனா ஒண்ணு. பட்டாசு வெடிக்கற மாதிரி எனக்கு ஒண்ணும் இல்லை. வராம இருந்தவங்க எனக்காகவா வராம இருந்தாங்க? சோளம் இருந்துச்சு, வெயில் இருந்துச்சு, டிவியில பாட்டு இருந்துச்சு. எங்க மேல எவனுக்கும் அக்கறை இல்லைங்கறதாலதான் தப்பிச்சோம். வந்தவங்கள்ல தொண்ணூறுக்கு மேல "ஆமாம்"தான். ஊர் வாரியாவும் போட்டிருக்காங்க. பொதேனியைத் தேடிப் பார்த்தேன். முப்பத்தஞ்சு. நம்ம ஊர் மட்டும் நாடா இருந்திருந்தா நான் இப்போ ரயில்ல இருப்பேன்.

அதனால ஊர்ப் பக்கம் வர மாட்டேன்கா. உன் மேல கோபம் இல்லை, அது எப்பவோ தேஞ்சு போச்சு. அந்தத் தெருவுல நடக்கறதுக்கு எனக்கு மனசு இல்லை, அவ்வளவுதான்.

ரெலு


பொதேனி
13 அக்டோபர்

ரெலு,

இதுக்குள்ள என் கடுதாசி வந்திருக்கும். உன்னோடது வந்ததை நடுத்தெருவுல சைக்கிளை நிறுத்திப் படிச்சேன். இருக்கப் போறோம்ங்கற இடத்துல நின்னு ஒரு மூச்சு அழுதுட்டுத்தான் மத்தவங்க தபாலைக் கொடுக்கப் போனேன்.

மேயர் இனிமே என்னை மேஜைக்குக் கூப்பிட மாட்டாராம். ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாரு. பாதிரியார் தெருவுல எதிர்ல வந்தா அந்தப் பக்கமாப் போறாரு. நாலஞ்சு வீட்டுல தபாலைக் கையில வாங்க மாட்டேங்கறாங்க, "வேலி மேல வெச்சுட்டுப் போ"ங்கறாங்க. வெச்சுட்டுப் போறேன். ஆனா எல்லார் வீட்டுக்கும் முன்ன மாதிரியே சத்தமா மணி அடிச்சுட்டுத்தான் போறேன்.

நீ சொன்னது சரி. சோளத்துக்காகத்தான் வரலை. உனக்காக இல்லை. நான் அதுல சண்டை போட மாட்டேன். ஆனா அந்தப் பத்தொன்பது? அதுல ஒண்ணு அக்லாயா. மீதி யாருன்னு எனக்குத் தெரியாது, சீட்டுல பேரு இல்லை. பத்தொன்பது பேர் பாதிரியார் சொல்றதைக் கேக்கற இந்த ஊர்லயே நடந்து வந்து, மறைப்புக்குள்ள போய், தனியா நின்னு, உன் பக்கம் குத்திட்டு வந்திருக்காங்க. தப்பாச் செஞ்சாங்க. அவங்க வராம இருந்திருக்கணும். ஆனா உனக்காக வந்தாங்கடா. அந்த ஊரையும் சேர்த்துத்தான் நீ வேண்டாம்ங்கற.

இப்போ நான் செஞ்ச இன்னொண்ணைச் சொல்றேன். இதைச் சொல்லாம மத்ததைச் சொல்லி என்ன பிரயோஜனம். நம்ம பேச்சு நிக்கறதுக்கு முன்னால நீ வர்றப்போ எல்லாம் ராத்திரி ஒன்பது மணி ரயில்ல வந்து, மில்லுக்குப் பின்னால இருக்கற சந்து வழியா வீட்டுக்கு வருவே. நீயாவே அப்படி வர்றதா நாம ரெண்டு பேரும் நடிச்சோம். முதல் தடவை போன்ல "ராத்திரி ரயில்ல வாடா, கூட்டம் இருக்காது"ன்னு சொன்னது நான்தான். தனியா வான்னு சொன்னதும் நான்தான். பாதிரியாரும் இல்லை, மேயரும் இல்லை, எந்த ஓட்டெடுப்பும் இல்லை. உன் கதவை முதல்ல அடைச்சவ நான்.

இருபத்தாறாம் தேதி புனித துமித்ரு திருநாள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல சந்தை கூடும், ஊரே அங்க இருக்கும். பட்டப்பகல் பன்னெண்டே காலுக்கு ஒரு ரயில் வருது. அதுல வாங்க, ரெண்டு பேரும். நான் தபால் யூனிஃபார்ம்லயே பிளாட்பாரத்துல நிப்பேன். மெயின் ரோட்டு வழியா, சந்தைக்கு நடுவுல நடந்து வீட்டுக்குப் போவோம். யாராவது இது யாருன்னு கேட்டா நான் பதில் சொல்றேன். நீங்க வாயைத் திறக்க வேண்டாம், நான்தான் சொல்லணும்.

கறியும் அரிசியும் வெச்சுச் சுருட்டறதுக்கு முட்டைக்கோஸ் இலை ஊறப் போட்டாச்சு. ரெண்டு பேருக்கு இல்லை, பெரிய பானை நிறைய.

சவேத்தா


திமிஷ்வாரா
18 அக்டோபர்

அக்கா,

உன் கடுதாசி ரெண்டையும் எமில் சத்தமாப் படிச்சான், நான் பாத்திரம் கழுவிட்டே கேட்டேன். பேனா மூடி இடத்துல தண்ணியை நிறுத்திட்டேன். உன்னால முடியாதுன்னு எழுதினது நான். தப்பு என்னோடது.

ராத்திரி ரயில் நீ சொல்லித்தான்னு எனக்கு எப்பவுமே தெரியும். மறந்துட்ட மாதிரி நானும் நடிச்சேன், ஏன்னா எனக்கும் அது வசதியா இருந்துச்சு. அதை உன் தலையில மட்டும் போட்டுக்காதே.

யாராவது கேட்டா பதில் சொல்றேன்னு எழுதியிருக்கியே, நீ என்ன சொல்லப் போறேன்னு எமில் கேக்கறான். ரெண்டு நாளா அதையே கேட்டுட்டு இருக்கான். நீ என்ன சொன்னாலும் சரி, அண்ணன்னு மட்டும் சொல்லிடாதே.

டிக்கெட் எடுத்தாச்சு. பன்னெண்டே கால் ரயில். அவனுக்குப் பயமா இருக்கு. எனக்கு அவனை விடப் பயம்.

வர்றோம்.

ரெலு, எமில்